ஸ்குயிட் ப்ராக்ஸி இழுக்கிறதா? கான்ஃபிக்கைத் தொடும் முன் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

ஸ்குயிட் என்பது ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவில் நின்று பக்கங்களை வாங்கிக் கொடுக்கும், சிலவற்றைச் சேமித்தும் வைக்கும் (அந்தச் சேமிப்புதான் கேஷ்) ப்ராக்ஸி சாஃப்ட்வேர். அது மெதுவாகிவிட்டது என்றதும் நம்ம ஆட்கள் செய்வது இரண்டே வேலை. ஒன்று, கேஷ்_மெம் (ரேமில் கேஷுக்கு ஒதுக்கும் இடம்) எண்ணை இரட்டிப்பாக்குவது. இன்னொன்று, சர்வரை ரீஸ்டார்ட் செய்வது. ரீஸ்டார்ட் செய்தால் கொஞ்ச நேரம் நன்றாக ஓடும், அதனால் அதுதான் வைத்தியம் என்று எல்லாரும் நம்பிவிடுவார்கள், பிறகு தினமும் காலை பத்தரைக்கு ஒரு ரீஸ்டார்ட் என்பது ஆபீஸ் வழக்கமாகவே ஆகிவிடும். ஏன் நன்றாக ஓடியது, ஏன் மறுபடி படுத்தது என்று யாரும் கேட்பதில்லை.

நான் ராணிப்பேட்டை சிப்காட், ஆம்பூர், காட்பாடி பக்கம் சின்ன, நடுத்தர இடங்களின் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்பவன். தோல் கம்பெனி ஆபீஸ், ஷூ ஃபேக்டரி, மாணவர் ஹாஸ்டல் என்று எங்கே போனாலும் ஒரு மூலையில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு, அதன் மேல் ஸ்குயிட் ஓடிக்கொண்டிருக்கும். நிறுவியவர் வேலையை விட்டுப் போயிருப்பார், பாஸ்வேர்டு ஒரு டைரியில் இருக்கும். அந்த மாதிரி ஒரு சர்வர் உங்கள் தலையில் விழுந்திருந்தால் இது உங்களுக்குத்தான். கட்டளைகளையும் டைரக்டிவ் (கான்ஃபிக் ஃபைலில் வரும் அமைப்பு வரி) பெயர்களையும் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன், டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அளவு எடுங்கள்

"இன்னா சார், நெட்டு இப்படி இழுக்குது" என்று சொல்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எல்லாருக்குமா, உங்களுக்கு மட்டுமா? எல்லா சைட்டுமா, ஒன்றிரண்டு சைட்டா? நாள் முழுக்கவா, குறிப்பிட்ட நேரத்திலா? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்தாலே பாதி வேலை முடிந்தது, ஆனால் பதில் சொல்பவர் எல்லாவற்றுக்கும் "ஆமா சார்" என்பார், அதனால் நீங்களே அளந்து பார்க்க வேண்டியதுதான்.

அதற்கு கர்ல் போதும், டெர்மினலிலிருந்தே ஒரு பக்கத்தை எடுத்து நேரம் காட்டும் கட்டளை அது. ஒரே பக்கத்தை மூன்று வழியில் எடுங்கள். முதலில் ப்ராக்ஸி சர்வரிலேயே உட்கார்ந்து, ப்ராக்ஸி இல்லாமல் நேரடியாக. அடுத்து அதே சர்வரில், ப்ராக்ஸியை 127.0.0.1 (அதே மெஷின்), போர்ட் 3128 (ஸ்குயிட்டின் டிஃபால்ட்) என்று கொடுத்து. மூன்றாவது, புகார் சொன்னவரின் கம்ப்யூட்டரிலிருந்து ப்ராக்ஸி வழியாக. மைனஸ் டபிள்யூ ஆப்ஷனில் டைம்_கனெக்ட் (இணைப்புக் கிடைக்க ஆன நேரம்), டைம்_ஸ்டார்ட்ட்ரான்ஸ்ஃபர் (முதல் பைட் வர ஆன நேரம்), டைம்_டோட்டல் (மொத்த நேரம்) மூன்றையும் அச்சிடச் சொல்லுங்கள். ஒரு தடவை எடுத்து முடிவு கட்டாதீர்கள், நாலைந்து தடவை எடுங்கள், புகார் வரும் நேரத்தில் எடுங்கள். மதியம் மூன்று மணிக்கு எடுத்துவிட்டு "நல்லாத்தானே இருக்கு" என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

நேரடியாக எடுத்ததே மெதுவாக இருந்தால் ஸ்குயிட்டின் மேல் கைவைக்காதீர்கள், அது லைன் கோளாறு. நேரடி வேகமாகவும் 127.0.0.1 வழி மெதுவாகவும் இருந்தால்தான் குற்றவாளி ஸ்குயிட். இரண்டும் வேகம், பயனரின் கம்ப்யூட்டரிலிருந்து மட்டும் மெதுவென்றால் இடையில் இருக்கும் வயர், ஸ்விட்ச், பிரவுசர் செட்டிங் இவற்றில் ஏதோ ஒன்று. கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு: ப்ராக்ஸி வழியாகப் போகும்போது கர்ல் காட்டும் நேம்லுக்கப் நேரம் ப்ராக்ஸியின் பெயரைத் தேடிய நேரம்தான், சைட்டின் பெயரைத் தேடிய நேரம் அல்ல. சைட்டின் பெயரை ஸ்குயிட்தான் தேடுகிறது, அந்தத் தாமதம் உங்களுக்கு ஸ்டார்ட்ட்ரான்ஸ்ஃபர் நேரத்துக்குள் ஒளிந்துகொள்ளும். டிஎன்எஸ் (சைட்டின் பெயரை ஐபி முகவரியாக மாற்றும் தேடல்) கோளாறு பலர் கண்ணில் படாமல் தப்பிப்பது இதனால்தான்.

மூன்றாவது வகை என்றால் முதலில் ஈத்டூல் போட்டு சர்வரின் நெட்வொர்க் கார்டு ஸ்பீடு எவ்வளவு, டூப்ளெக்ஸ் ஃபுல்லா ஹாஃபா என்று பாருங்கள். ஜிகாபிட் ஸ்விட்சில் 100 ஹாஃப் என்று காட்டினால் கேபிளோ போர்ட்டோ போச்சு. அடுத்தது பிரவுசரின் "தானாகக் கண்டுபிடி" செட்டிங். பேக் ஃபைல் (எந்த சைட்டுக்கு எந்த ப்ராக்ஸி என்று பிரவுசருக்குச் சொல்லும் ஸ்கிரிப்ட்) வைத்திருக்கும் இடங்களில் அதற்குள் டிஎன்எஸ்ரிசால்வ் போன்ற ஃபங்ஷனை யாராவது எழுதியிருந்தால், ப்ராக்ஸிக்குப் போகும் முன்னமே பிரவுசர் பெயர் தேடிக்கொண்டு நிற்கும். ஃபைலில் அந்த வரியை எடுத்துவிட்டு, டொமைன் பெயரை எழுத்தாக ஒப்பிடும்படி மாற்றுங்கள்.

லாக்கைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒவ்வொரு கோரிக்கையையும் ஸ்குயிட் எழுதி வைக்கும் ஆக்சஸ் லாக்கில் ஒரு வரி இப்படி இருக்கும்:

1718082345.612 5214 192.168.10.47 டிசிபி_மிஸ்/200 18342 கெட் (இங்கே முகவரி) - ஹையர்_டைரக்ட்/203.0.113.20 டெக்ஸ்ட்/எச்டிஎம்எல்

முதல் எண் யூனிக்ஸ் நேரம், மாற்றிப் பார்த்தால் காலை 10:35. இரண்டாவது எண்தான் முக்கியம்: அந்தக் கோரிக்கை முடிய எத்தனை மில்லி செகண்ட் ஆனது. இங்கே 5214, அதாவது ஐந்து வினாடிக்குக் கொஞ்சம் மேல். வந்த அளவோ 18342 பைட், வெறும் 18 கேபி. இத்தனூண்டு பக்கத்துக்கு ஐந்து வினாடி என்றால் டவுன்லோடு மெதுவாக இருந்து இவ்வளவு நேரம் ஆகவில்லை, வேறு எதற்கோ காத்திருந்திருக்கிறது.

இரண்டாவது காலத்தை எண்ணாக வைத்து சார்ட் செய்தால் பெரிய எண்கள் மேலே வரும், உடனே பயந்துவிடாதீர்கள். டிசிபி_டனல் என்று இருக்கும் வரிகளை முதலில் வடிகட்டுங்கள். எச்டிடிபிஎஸ் சைட்டுக்கு பிரவுசர் கனெக்ட் என்று கேட்டு ஒரு குழாயைத் திறந்துகொள்கிறது, அந்தக் குழாய் திறந்திருந்த மொத்த நேரம்தான் அங்கே பதிவாகும். யாரோ ஜிமெயிலைத் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போயிருந்தால் அது லட்சக்கணக்கான மில்லி செகண்டாகக் காட்டும், அதில் கோளாறு எதுவும் இல்லை. இந்த ஒரு விஷயம் தெரியாமல் லைன் கம்பெனிக்காரனிடம் சண்டை போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வடிகட்டிய பிறகு மிச்சம் இருப்பதைப் பாருங்கள். மிஸ் (வெளியே போய் எடுத்த) வரிகள் மெதுவாகவும் ஹிட் (கேஷிலிருந்து கொடுத்த) வரிகள் வேகமாகவும் இருந்தால் வெளியே போகும் வழியில் பிரச்சினை: டிஎன்எஸ் அல்லது லைன். ஹிட் வரியே சின்ன ஃபைலுக்கு நூற்றுக்கணக்கான மில்லி செகண்ட் எடுத்தால் டிஸ்க். மெம்_ஹிட், அதாவது ரேமிலிருந்தே எடுத்துக் கொடுப்பதும் மெதுவென்றால் சிபியு திணறுகிறது, அல்லது பயனர் பக்கத்து வைஃபை மோசம், ஏனென்றால் பயனருக்கு முழுதாக அனுப்பி முடிக்கும் நேரமும் அந்த எண்ணில் சேர்ந்திருக்கிறது. டினைட்/407 நிறைய இருந்தால் பாஸ்வேர்டு கேட்கும் சடங்கு அது, ஒன்றிரண்டு வருவது இயல்பு, ஒரே பக்கத்துக்கு வரிசையாகக் கொட்டினால் ஆத்தென்டிகேஷன் ஹெல்பரை (பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் துணை புராசஸ்) கவனியுங்கள்.

லாக்குக்கு அடுத்தது ஸ்குயிட்டின் சொந்த அறிக்கை. ஸ்குயிட்கிளையன்ட் எம்ஜிஆர்:இன்ஃபோ என்று அடித்தால் வரும். உங்கள் பதிப்பில் ஸ்குயிட்கிளையன்ட் இல்லையென்றால் கர்ல் வைத்து ஸ்குயிட்-இன்டர்னல்-எம்ஜிஆர் என்ற பாதையில் இன்ஃபோவைக் கேளுங்கள், அதே விவரம்தான். இதில் மீடியன் சர்வீஸ் டைம்ஸ் (கோரிக்கைகள் எடுத்த நேரங்களின் நடு மதிப்பு) என்று ஒரு பகுதி இருக்கும்: மொத்தம், மிஸ், ஹிட், டிஎன்எஸ் லுக்கப் ஒவ்வொன்றுக்கும் கடைசி 5 நிமிடம், 60 நிமிடம் என்று இரண்டு காலம். இங்கே எண்கள் வினாடியில் இருக்கும், லாக்கில் மில்லி செகண்டில் இருக்கும், குழப்பிக்கொள்ளாதீர்கள். அப்புறம் கீழே சிபியு பயன்பாடு, பேஜ் ஃபால்ட் எண்ணிக்கை, ஃபைல் டிஸ்க்ரிப்டர் கணக்கு எல்லாம் இருக்கும். வியாதியின் பெயர் பெரும்பாலும் இந்த ஒரு பக்கத்திலேயே எழுதியிருக்கும்.

டிஎன்எஸ்: சந்தேகத்தை இங்கிருந்து தொடங்குங்கள்

மேலே காட்டிய 5214-ஐ மறுபடி பாருங்கள். லாக்கில் ஐந்தாயிரத்துச் சொச்சம், சில நேரம் பத்தாயிரத்துச் சொச்சம் என்று எண்கள் திரும்பத் திரும்ப வந்தால் அது தற்செயல் கிடையாது. ஸ்குயிட் ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டுவிட்டுப் பதில் வராவிட்டால் 5 வினாடி பொறுத்து மறுபடி கேட்கும், டிஎன்எஸ்_ரீட்ரான்ஸ்மிட்_இன்டர்வல் என்பதன் டிஃபால்ட் அதுதான். மொத்தமாகக் கைவிட 30 வினாடி. ஆக, பட்டியலில் முதலில் இருக்கும் டிஎன்எஸ் சர்வர் செத்துக் கிடந்தால், இரண்டாவது நன்றாக இருந்தாலும் புதிய பெயர் ஒவ்வொன்றுக்கும் ஐந்து வினாடி தண்டம்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி ஆபீஸில் இதே கதை. புதிதாக ஃபைபர் லைன் போட்டார்கள், பழைய லைனை எடுத்தார்கள், ஆனால் ரிசால்வ்.கான்ஃபில் (டிஎன்எஸ் சர்வர் பட்டியல் இருக்கும் ஃபைல்) பழைய லைன்காரனின் டிஎன்எஸ் முகவரி முதல் வரியில் அப்படியே இருந்தது, வெளி நெட்வொர்க்கிலிருந்து கேட்டால் அது பதில் சொல்லாது. காலையில் எல்லாருக்கும் மெதுவு, மதியத்துக்கு மேல் பரவாயில்லை. காரணம் எளிது: ஒரு தடவை தேடிய பெயரை ஸ்குயிட் கொஞ்ச நேரம் நினைவில் வைத்துக்கொள்ளும், அதனால் எல்லாரும் திறக்கும் சைட்டுகள் மெல்ல மெல்லச் சரியாகிவிடும், புதிதாக ஒன்றைத் திறந்தால் மட்டும் நிற்கும். "வேகமான லைன் போட்டும் பிரயோஜனம் இல்லை" என்று முதலாளிக்குக் கோபம். அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு ஸ்குயிட்டை ரீகான்ஃபிகர் (நிறுத்தாமலே கான்ஃபிக்கை மறுபடி படிக்க வைப்பது) செய்ததும் சரியாகிவிட்டது. ரிசால்வ்.கான்ஃபைத் திருத்தினால் மட்டும் போதாது, ஸ்குயிட் அதைத் தொடங்கும்போதும் ரீகான்ஃபிகர் செய்யும்போதும்தான் படிக்கும்.

நான் பரிந்துரைப்பது: அதே சர்வரில் அன்பவுண்ட் அல்லது டிஎன்எஸ்மாஸ்க் என்ற டிஎன்எஸ் சர்வர் சாஃப்ட்வேரை நிறுவி, ஸ்குயிட் கான்ஃபிகில் டிஎன்எஸ்_நேம்சர்வர்ஸ் 127.0.0.1 என்று கொடுத்துவிடுங்கள். ஆபீஸில் விண்டோஸ் டொமைன் இருந்தால் உள்ளூர்ப் பெயர்களை மட்டும் அந்த டொமைன் கன்ட்ரோலரிடம் அனுப்பும்படி அன்பவுண்டிலேயே எழுதிக்கொள்ளலாம். அறிக்கையில் டிஎன்எஸ் மீடியன் 0.1-க்குக் கீழே இருந்தால் இந்தப் பக்கம் விட்டுவிடுங்கள், வேறு இடத்தைப் பாருங்கள்.

டிஎன்எஸ்ஸோடு ஒட்டிய இன்னொன்று: ஏசிஎல்லில் (யாருக்கு எது அனுமதி என்ற விதி) டிஎஸ்டி என்ற வகையைப் பயன்படுத்தினால், முடிவெடுக்கும் முன் ஸ்குயிட் அந்த சைட்டின் ஐபி முகவரியைத் தேடியே ஆக வேண்டும். எஸ்ஆர்சிடொமைன் போட்டால் பயனரின் ஐபிக்குத் தலைகீழ்த் தேடல். ஐம்பது கம்ப்யூட்டர் இருக்கும் ஆபீஸில் ரிவர்ஸ் டிஎன்எஸ் யார் வைத்திருக்கிறார்கள்? பெயரை வைத்துத் தடுக்க டிஎஸ்டிடொமைன் போதும், பெயரோடு வரும் கோரிக்கைக்கு அதற்குத் தேடல் தேவையில்லை.

ரீஸ்டார்ட் ஏன் வேலை செய்கிறது

ரீஸ்டார்ட் செய்தால் சரியாகி, கூட்டம் ஏறியதும் மறுபடி படுக்கிறது என்றால் கேஷ்.லாக்கை (ஸ்குயிட் தன் வார்னிங்குகளை எழுதும் லாக்) திறந்து, ஃபைல்டிஸ்க்ரிப்டர் (திறந்திருக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஃபைலுக்கும் சிஸ்டம் கொடுக்கும் எண்) தீர்ந்துகொண்டிருக்கிறது என்ற வார்னிங் இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய அமைப்புகளில் ஒரு புராசஸுக்கு 1024 என்பதுதான் வரம்பு. பயனரோடு ஒரு இணைப்பு, வெளி சைட்டோடு ஒரு இணைப்பு, டிஸ்கில் எழுதினால் அதற்கு ஒன்று என்று ஒரு கோரிக்கைக்கே இரண்டு மூன்று போய்விடும். இன்றைய செய்தித் தளம் ஒன்றைத் திறந்தால் விளம்பரம், படம், ஸ்கிரிப்ட் என்று பத்திருபது இடங்களுக்கு ஒரே நேரத்தில் இணைப்பு. நாற்பது பேர் பத்து மணிக்கு ஒன்றாக உட்கார்ந்தால் 1024 எங்கே தாங்கும்? வரம்பு தீர்ந்ததும் ஸ்குயிட் புதிய இணைப்புகளை ஏற்காமல் நிறுத்தி வைக்கும், பயனருக்கு அது "நெட் ஸ்லோ" என்று தெரியும். சிபியு சும்மா இருக்கும், ரேம் சும்மா இருக்கும், லைனும் சும்மா இருக்கும், எல்லாம் சரியாக இருந்தும் எதுவும் நகராது.

சிஸ்டம்டி (லினக்ஸில் சர்வீஸ்களைத் தொடங்கி நடத்தும் பகுதி) உள்ள அமைப்பு என்றால் சிஸ்டம்சிடிஎல் எடிட் ஸ்குயிட் என்று திறந்து, சர்வீஸ் பகுதியில் லிமிட்நோஃபைல் 65536 என்று எழுதுங்கள். ஸ்குயிட் கான்ஃபிகில் மேக்ஸ்_ஃபைல்டிஸ்க்ரிப்டர்ஸ் அதே எண். இதற்கு ரீகான்ஃபிகர் போதாது, முழு ரீஸ்டார்ட் வேண்டும். பிறகு எம்ஜிஆர்:இன்ஃபோவில் அதிகபட்ச எண்ணிக்கை உண்மையிலேயே மாறியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். டெர்மினலில் யுலிமிட் போட்டுவிட்டுச் சந்தோஷப்படுபவர்கள் உண்டு, அது அந்த டெர்மினலுக்கு மட்டும்தான், சிஸ்டம்டி தொடங்கும் சர்வீஸுக்கு அது ஒட்டாது.

கேஷைப் பெரிதாக்கினால் வேகம் கூடுமா

கூடாது. பல நேரம் குறையும். கேஷ்_மெம் என்பது ஸ்குயிட் எடுத்துக்கொள்ளும் மொத்த ரேம் இல்லை, ஆப்ஜெக்டுகளை ரேமில் வைத்திருக்க ஒதுக்கும் இடம் மட்டும்தான், டிஃபால்ட் 256 எம்பி. இது போக, டிஸ்கில் இருக்கும் கேஷுக்கு ஒரு அட்டவணையை ரேமில் வைத்துக்கொள்ளும். 64 பிட் சர்வரில் டிஸ்க் கேஷ் ஒரு ஜிபிக்கு ஏறத்தாழ 14 எம்பி ரேம் என்று ஸ்குயிட்காரர்களே கணக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

போட்டுப் பாருங்கள். 8 ஜிபி ரேம் உள்ள சர்வர், "டிஸ்க் நிறைய சும்மா கிடக்கிறதே" என்று 300 ஜிபி கேஷ்_டிர் (டிஸ்க் கேஷ்) கொடுத்தாகிவிட்டது. கேஷ் நிரம்ப நிரம்ப, அட்டவணை மட்டும் 4.2 ஜிபிக்குப் போகும். கேஷ்_மெம்மை 3 ஜிபி என்று உயர்த்தியிருந்தால் சேர்த்து 7.2. மிச்சம் 0.8-க்குள் ஆபரேட்டிங் சிஸ்டம், இணைப்புகளின் பஃபர், ஆத்தென்டிகேஷன் ஹெல்பர்கள் எல்லாம் அடங்க வேண்டும், அடங்காது, ஸ்வாப்புக்கு (ரேம் போதாமல் டிஸ்கைப் பயன்படுத்துவது) போகும். ஸ்குயிட்டின் அட்டவணை ஸ்வாப்புக்குப் போய்விட்டால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் டிஸ்கைத் தட்டி எழுப்ப வேண்டும். இதில் கொடுமை என்னவென்றால், கேஷ் நிரம்ப மாதக்கணக்கில் ஆகும் என்பதால், மாற்றிய அன்று எல்லாம் ஜோராக ஓடும், மூன்று மாதம் கழித்துப் படுக்கும்போது யாருக்கும் அந்த மாற்றம் ஞாபகம் இருக்காது.

விஎம்ஸ்டாட் 1 என்று ஓடவிட்டு ஸ்வாப்பிலிருந்து படிப்பதையும் அதில் எழுதுவதையும் காட்டும் எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரண்டு காலங்களைப் பாருங்கள். தொடர்ந்து பூஜ்யமாக இருக்க வேண்டும். எண்கள் ஓடிக்கொண்டே இருந்தால் கேஷ்_டிர் அளவைக் குறையுங்கள்: 50 ஜிபி என்றால் அட்டவணைக்கு 700 எம்பி, கேஷ்_மெம் 1 ஜிபி, 8 ஜிபி சர்வரில் இது தாராளம்.

சரி, அந்த 50 ஜிபியாவது வேண்டுமா? பாலாற்றைப் பற்றி எங்கள் பக்கம் சொல்வார்களே, பெயர்தான் ஆறு, தண்ணீர் கிடையாது என்று, இன்றைய கேஷிங் ப்ராக்ஸியும் பல ஆபீஸ்களில் அப்படித்தான். சைட்டுகள் அனேகமாக எல்லாமே எச்டிடிபிஎஸ்ஸுக்கு மாறிவிட்டன. குழாய்க்குள் போவது என்ன என்று ஸ்குயிட்டுக்குத் தெரியாது, தெரியாததைச் சேமிக்கவும் முடியாது. உங்கள் ஹிட் ரேஷியோவை எம்ஜிஆர்:இன்ஃபோவில் பாருங்கள், பைட் கணக்கில் ஒற்றை இலக்கச் சதவீதம் என்றால் கேஷ்_டிர் வரியையே எடுத்துவிட்டு ரேம் கேஷோடு ஓட்டுங்கள் என்றுதான் நான் சொல்வேன். டிஸ்க் தொல்லை பாதி அத்தோடு ஒழியும். ஸ்குயிட் அப்போதும் பயன்படும்: யார் எங்கே போகிறார்கள் என்ற பதிவு, தடை, லைன் பங்கீடு இதெல்லாம் கேஷ் இல்லாமலும் நடக்கும்.

உடனே ஒருவர் வந்து எஸ்எஸ்எல் பம்ப் போட்டுக் குழாயைத் திறந்து பார்க்கலாமே என்பார். சின்ன ஆபீஸில் வேண்டாம். ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் சர்டிஃபிகேட் நிறுவ வேண்டும், சிபியு வேலை பலமடங்கு கூடும், கணக்காளரின் பேங்க் பாஸ்வேர்டு வரை உங்கள் சர்வர் வழியாகத் திறந்த நிலையில் போகும், நாளைக்கு ஏதாவது ஆனால் முதலில் உங்களைத்தான் கேட்பார்கள்.

டிஸ்க் கேஷ் உண்மையிலேயே லாபம் தரும் இடம் லேப். நாற்பது உபுண்டு மெஷின் ஒரே பேக்கேஜை எச்டிடிபி வழியாக இறக்கும் இடத்தில் அது அற்புதமாக வேலை செய்யும். ஆனால் மேக்சிமம்_ஆப்ஜெக்ட்_சைஸ் டிஃபால்ட் 4 எம்பி என்பதால், அதை உயர்த்தாமல் விட்டால் பெரிய பேக்கேஜ் எதுவும் சேமிக்கப்படாது. அந்த வரியை கேஷ்_டிர் வரிக்கு மேலே எழுதுங்கள், கீழே எழுதினால் அந்த கேஷ்_டிருக்குப் பழைய அளவே பொருந்தும். இன்னொரு எச்சரிக்கை, விண்டோஸ் அப்டேட்டைச் சேமிப்பதற்காக எங்கிருந்தோ காப்பி செய்த ரேஞ்ச்_ஆஃப்செட்_லிமிட் நன் என்ற வரி. அது பொதுவாகப் போட்டிருந்தால், பயனர் ஒரு பெரிய ஃபைலின் நடுவில் ஒரு துண்டைக் கேட்டாலும் ஸ்குயிட் முழு ஃபைலையும் முதலிலிருந்து இறக்க ஆரம்பிக்கும். லைன் நிரம்பி வழியும், பயனர்கள் இறக்கியதைக் கூட்டிப் பார்த்தால் கணக்கு இடிக்கும். தேவையான டொமைனுக்கு மட்டும் ஏசிஎல் சேர்த்துக் கொடுங்கள், இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

டிஸ்க்

கேஷ்_டிர் வரியில் யுஎஃப்எஸ் என்று இருந்தால் ஏயுஎஃப்எஸ் என்று மாற்றுங்கள். யுஎஃப்எஸ்ஸில் டிஸ்க் படித்து முடிக்கும்வரை மொத்த ஸ்குயிட்டும் காத்திருக்கும், ஏயுஎஃப்எஸ் அந்த வேலையைத் தனித் திரெட்களிடம் கொடுத்துவிடும். சேமிப்பு வடிவம் ஒன்றுதான், பழைய கேஷை அழிக்க வேண்டியதில்லை. ஐஓஸ்டாட் மைனஸ் எக்ஸ் போட்டு யுடில் (டிஸ்க் பிஸியாக இருக்கும் சதவீதம்) 100-ஐ ஒட்டியே நிற்கிறதா என்று பாருங்கள், நின்றால் கேஷைத் தனி எஸ்எஸ்டிக்கு மாற்றுங்கள். மவுண்ட் செய்யும்போது நோஏடைம் (ஃபைலைப் படித்த நேரத்தை எழுதாமல் விடும் ஆப்ஷன்) சேருங்கள். ரெய்டு 5-இல் (பல டிஸ்கைச் சேர்த்து ஒன்றாக்கும் ஒரு முறை) கேஷை வைக்காதீர்கள், சின்னச் சின்ன எழுத்துகளுக்கு அது மகா மோசம், தவிர கேஷ் போனால் போகட்டுமே, திரும்ப இறக்கிக்கொள்ளலாம். பார்டிஷன் முழுவதையும் கேஷுக்கே கொடுக்காமல் ஐந்தில் ஒரு பங்கு காலியாக விடுங்கள்.

கரண்ட் போய் சர்வர் பட்டென்று அணைந்தால், மறுபடி எழும்போது ஸ்குயிட் கேஷ் முழுவதையும் தடவிப் பார்த்து அட்டவணையை மறுபடி கட்டும். கேஷ்.லாக்கில் ரீபில்டிங் என்று ஓடிக்கொண்டிருக்கும்வரை டிஸ்க் திணறும், பெரிய கேஷ் என்றால் இது நெடுநேரம். யுபிஎஸ் பேட்டரி செத்துப்போன ஆபீஸில் கரண்ட் வந்த பிறகும் ஒரு மணி நேரம் நெட் மெதுவு என்றால் இதுதான். அணைக்கும்போதும் பொறுமை வேண்டும், ஷட்டவுன் சொன்ன பிறகு திறந்திருக்கும் இணைப்புகளுக்காக ஸ்குயிட் டிஃபால்ட்டாக 30 வினாடி காத்திருக்கும், அதற்குள் கில் மைனஸ் 9 போட்டுக் கெடுக்காதீர்கள்.

சிபியு, வெயில்

டாப் போட்டு 1-ஐ அழுத்துங்கள். நாலு கோரில் ஒன்று மட்டும் 100 சதவீதத்தில் எரிந்து மற்ற மூன்றும் சும்மா இருந்தால் ஸ்குயிட் மூச்சு வாங்குகிறது என்று அர்த்தம், முக்கிய வேலையை அது ஒரே புராசஸில்தான் செய்யும். ஒர்க்கர்ஸ் என்று கொடுத்துப் பல புராசஸாகப் பிரிக்கலாம், ஆனால் யுஎஃப்எஸ், ஏயுஎஃப்எஸ் கேஷை ஒர்க்கர்கள் பகிர்ந்துகொள்ள முடியாது, ராக் என்ற கேஷ்_டிர் வகைக்கு மாற வேண்டும். அதற்கு முன்னால் தடைப் பட்டியலைத் திறந்து பாருங்கள். ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட யுஆர்எல்_ரீஜெக்ஸ் (முகவரியில் பேட்டர்ன் தேடும் விதி) இருந்தால் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அத்தனையையும் ஒப்பிட்டுக்கொண்டிருக்கும். அந்தப் பட்டியலில் பெரும்பாலும் வெறும் டொமைன் பெயர்கள்தான் இருக்கும், டிஎஸ்டிடொமைனுக்கு மாற்றினால் சிபியு சட்டென்று இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ரீடைரக்டர் அல்லது ஆத்தென்டிகேஷன் புராசஸ்கள் எல்லாம் பிஸி என்ற வார்னிங் கேஷ்.லாக்கில் இருந்தால் சில்ட்ரன் (அந்தத் துணைப் புராசஸ்களின்) எண்ணிக்கையை உயர்த்துங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தும் ஏப்ரல், மே மாதத்தில் மதியம் மட்டும் மெதுவென்றால்? வேலூர் வெயிலைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. சர்வர் என்று சொல்லப்படும் அந்த டெஸ்க்டாப் ஸ்டோர் ரூமில், ஷீட் கூரைக்குக் கீழே, ஜன்னல் இல்லாத மூலையில் இருக்கும். தோல் கம்பெனி என்றால் பஃபிங் தூசி மெல்லிய பொடியாக ஹீட்சிங்க் முழுக்க அப்பியிருக்கும். சூடு ஏறியதும் சிபியு தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். டிமெஸேஜில் (லினக்ஸ் கெர்னலின் லாக்) டெம்பரேச்சர் அபவ் த்ரெஷோல்ட், கிளாக் த்ராட்டில்ட் என்று வரி இருக்கிறதா பாருங்கள், சென்சார்ஸ் கட்டளையில் இப்போதைய சூட்டைப் பாருங்கள். இதற்கு கான்ஃபிகில் மருந்து கிடையாது, ப்ளோயர் எடுத்து ஊதுங்கள், தெர்மல் பேஸ்ட் மாற்றுங்கள், மெஷினை வேறு அறைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

சில்லறை விஷயங்கள், ஆனால் நேரம் தின்பவை

சில சைட் மட்டும் பாதியில் தொங்குகிறது, மற்றவை பறக்கின்றன என்றால் எம்டியு (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச அளவு). பிபிபிஓஇ வழியாக வரும் ஃபைபர் லைனில் 1500 கிடைக்காது, 1492தான். துண்டாக்கக் கூடாது என்ற ஆப்ஷனோடு 1464 அளவில் (ஹெடர் 28 சேர்ந்து 1492) பிங் போனால் சரி, 1472 போகவில்லை என்றால் இதுதான் காரணம், ரவுட்டரில் எம்எஸ்எஸ் கிளாம்ப் (பாக்கெட் அளவைக் குறைக்க வைக்கும் செட்டிங்) போடச் சொல்லுங்கள்.

ஒருவரும் காரணம் சொல்ல முடியாமல் எல்லாருக்கும் டவுன்லோடு ஒரே வேகத்தைத் தாண்டாமல் இருந்தால் டிலே_பூல்ஸ் என்று கான்ஃபிகில் தேடுங்கள். 10 எம்பிபிஎஸ் லைன் காலத்தில் போட்ட கட்டுப்பாடு 200 எம்பிபிஎஸ் லைனிலும் கடமை தவறாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்.

டிஎஃப் போட்டு லாக் பார்டிஷன் நிரம்பவில்லையே என்று பாருங்கள், லாக்ரொட்டேட் இல்லையென்றால் ஸ்குயிட் மைனஸ் கே ரொட்டேட் என்பதை கிரானில் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானாக ஓட்டுவது) தினமும் ஓடவிடுங்கள். டிரான்ஸ்பரன்ட் ப்ராக்ஸி (பிரவுசரில் செட்டிங் இல்லாமலே இடைமறிப்பது) என்றால் டிமெஸேஜில் கான்ட்ராக் டேபிள் ஃபுல் (இணைப்புகளின் அட்டவணை நிரம்பிவிட்டது) என்ற வரி இருக்கிறதா என்றும் ஒரு பார்வை.

எதை மாற்றினாலும் கான்ஃபிக் ஃபைலைத் தேதி போட்டுக் காப்பி எடுத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஸ்குயிட் மைனஸ் கே பார்ஸ் ஓடவிட்டு எழுத்துப்பிழை இல்லை என்று தெரிந்த பிறகு ரீகான்ஃபிகர். மறுநாள் அதே நேரத்தில், அதே கர்ல் மூன்று வழியிலும் எடுங்கள். இரண்டு மாற்றத்தை ஒன்றாகப் போட்டால் ஒன்று சரி செய்து இன்னொன்று கெடுக்கலாம், எது எது என்று பிறகு தெரியாது.

கடைசியாக ஒரு கிரான். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எம்ஜிஆர்:இன்ஃபோவின் வெளியீட்டைத் தேதி, நேரம் பெயர் வைத்து ஒரு ஃபோல்டரில் போடச் சொல்லுங்கள், ஃபைண்ட் கட்டளையால் ஒரு மாதத்துக்கு மேல் பழையதை அழிக்கச் சொல்லுங்கள். பெரிய இடம் ஆகாது. அடுத்த தடவை "நேத்து பதினோரு மணிக்கு நின்னுபோச்சு" என்று யாராவது சொன்னால், நேற்றைய பதினோரு மணி ஃபைலையும் முந்தாநாள் பதினோரு மணி ஃபைலையும் டிஃப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.